வேலை தேடலுக்கும் ஒரு கணக்குக் கொப்பி

வேலை கிடைத்து இரண்டு கிழமை ஆகிறது. ஆனாலும் வேலை கேட்டுத் திருகோணமலை நகரத்துக்கு வெளியே நிலாவெளி ஹோட்டலுக்கு வீணாகப் போய்வந்த மூன்று நாட்களை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. சாமான் விற்கிற எவரும், வாங்குகிறவர் இருக்கிறாரா, எத்தனை மணிக்கு இறக்கலாம், காசுக்கு யார் கையெழுத்து வைப்பார் என்று கேட்காமல் லொறியை அனுப்பமாட்டார். வேலை தேடுகிற நாம்தான் சீவியை, அதாவது சுயவிவரத்தை, கையில் எடுத்ததும் பஸ் ஏறிவிடுகிறோம்.

முதல் நாள், ஆள் எடுக்கிற முகாமையாளர் கொழும்புக்குப் போயிருந்தார். இரண்டாம் நாள் போய்ச் சேர்ந்தது மதியம் 12.30க்கு. சாப்பாட்டு நேரத்தில் ஹோட்டலில் யாருக்கும் தலை நிமிர நேரமில்லை. பின்னேரம் 3 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் போங்கள். அப்போதுதான் உட்கார்ந்து பேசுவார்கள். நகரத்துக் கடைகள் என்றால் வெள்ளிக்கிழமை நண்பகலும் போயா தினமும் வேண்டாம். கணக்குப் பிரிவு என்றால் மாதக் கடைசி வேண்டாம்.

மூன்றாம் நாள்தான் பெரிய அடி. முன்மேசையில் இருந்தவர் கிராம சேவகர் நற்சான்றிதழைத் திருப்பிப் பார்த்தார். “பிரதேச செயலாளரின் மேலொப்பம் இல்லை” என்று சொல்லி முழுக் கோப்பையும் திருப்பித் தந்துவிட்டார். சீவியையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றதற்கும் பதில் இல்லை. கிராம சேவகர் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் போதாது. அதைக் கொண்டு போய்ப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில், அந்தக் கையெழுத்தை உறுதிப்படுத்துகிற மேலொப்பம் வாங்க வேண்டும். செல்லுபடியாவதும் 6 மாதத்துக்குத்தான். ஆகவே தேடல் தொடங்குகிற கிழமையிலேயே எடுத்துவிடுங்கள். கிராம சேவகர் எந்த நாளில் அலுவலகத்தில் இருப்பார் என்று முதலில் விசாரியுங்கள்; களவேலை நாளில் போனால் கதவுதான் இருக்கும்.

அதற்குப் பிறகுதான் 80 பக்கக் கொப்பி ஒன்றில் கோடு போட்டேன். திகதி, நிறுவனம், முடிவெடுப்பவர் யார், கேட்ட வேலை, செலவு, அடுத்து பேச வேண்டிய நாள் என்று ஆறு நிரல். பஸ் காசு, போட்டோக்கொப்பி, தேத்தண்ணி எல்லாம் செலவு நிரலில் ஏறும். மாத முடிவில் கூட்டினால் எந்த வழி நேர்முகப் பரீட்சைக்குக் கொண்டு போனது, எது காசைத் தின்றது என்று தெளிவாகத் தெரியும். என் கொப்பியில் நேரடியாகப் போய்க் கொடுத்த 11 சீவிக்கு ஒரே ஒரு அழைப்பு. முதலில் தொலைபேசியில் பேசிவிட்டுப் போன 6 இடங்களில் மூன்று. விண்ணப்பித்து ஐந்தாம் நாள் நீங்களே ஒரு கோல் எடுங்கள், பத்தாம் நாள் ஒரு வட்ஸ்அப் செய்தி போடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த வரியை வெட்டிவிட்டு அடுத்த இடத்தைப் பாருங்கள்.

நான் தேடியது களஞ்சியப் பொறுப்பாளர் வேலை. அந்த வேலைக்கு ‘கடின உழைப்பாளி, நேர்மையானவர்’ என்று சீவியில் எழுதுவதால் ஒன்றும் ஆகாது. எல்லாரும் அதையேதான் எழுதுகிறார்கள். முதலாளிக்கு எங்கே காசு ஒழுகுகிறது என்று யோசியுங்கள். ஹோட்டல் சமையலறை என்றால் மீன், கோழி, காஸ், எண்ணெய். இந்த நான்குக்கும் ஒரு வாரத்து இருப்புத் தாளைக் கற்பனைக் கணக்கோடு ஒரே பக்கத்தில் தயாரித்தேன். ஆரம்ப இருப்புடன் வரவைக் கூட்டி, வழங்கியதைக் கழித்தால் இருக்க வேண்டிய இருப்பு வரும். அதற்குப் பக்கத்தில் எண்ணிப் பார்த்த இருப்பு, கடைசி நிரலில் வித்தியாசம். கோழியில் வேண்டுமென்றே 3 கிலோ குறைய விட்டு, அது எந்த நாள் வழங்கல் சீட்டில் பதியாமல் போனது என்று சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருந்தேன். நேர்முகத்தில் முகாமையாளர் சீவியை ஓரமாக வைத்துவிட்டு அந்தத் தாளைத்தான் இருபது நிமிடம் பார்த்தார். மின்னிணைப்பாளர், தையல்காரர், வரவேற்பாளர் யாராக இருந்தாலும் செய்து காட்டக்கூடிய ஒரு பக்கம் கட்டாயம் இருக்கும். கைவேலை தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள் என்விகியூ எனும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழை, ஏற்கெனவே தெரிந்த வேலையைச் சோதித்துப் பார்க்கிற முன்கற்றல் அங்கீகாரம் வழியாகப் பெறலாம். பாடநெறியை முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை.

பருவத்தையும் வியாபாரி போலப் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரைதான் கூட்டம். ஆள் தேவை மாசி, பங்குனியிலேயே தொடங்கிவிடும். ஜூனில் போனால் மிச்சம் மீதிதான். ‘ஒக்டோபருக்குப் பிறகும் வேலை உண்டா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். விருந்தினரிடம் வாங்கி ஊழியருக்குப் பிரித்துக் கொடுக்கிற சேவைக் கட்டணப் பங்கு மாரியில் சுருங்கிவிடும், அதை நம்பி லீசிங் எடுக்காதீர்கள். ஆண்டு முழுக்க ஓடுகிற இடம் வேண்டுமென்றால் சீனக்குடாப் பக்கத்து ஆலைகளையும் நகரத்து மொத்த வியாபாரிகளையும் பாருங்கள்.

சம்பளக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நிலாவெளியில் 35,000 என்றார்கள், நகரத்தில் நடந்து போகிற தூரத்தில் 31,000. முதலாவதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 2,800 போக 32,200. போய்வர நாளுக்கு 200 படி 26 நாளைக்கு 5,200 போனால் மிச்சம் 27,000. இரண்டாவதில் 2,480 கழித்து 28,520. சேமலாப நிதிக்கும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் முதலாளி போடுகிற 12, 3 சதவீதங்களோடு நம்முடைய 8ஐயும் சேர்த்தால், நிதிப் பக்கம் நகரத்து வேலையில் 920 குறைவு. அதைக் கழித்தாலும் நகரத்து வேலையில் மாதம் 600 ரூபாய் கூடுதல், பஸ்ஸில் போகிற நேரமும் மிச்சம். நகரத்து வேலையையே எடுத்தேன்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சம்பளத்தை ‘எல்லாம் சேர்த்து’ என்று சொன்னால், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, மேலதிக நேரம் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு சேமலாப நிதி கிடையாது. எனக்கு முதலில் காட்டிய தாளில் இரண்டும் ஒரே தொகையாக இருந்தன. பிரித்து எழுதச் சொன்னேன், மறுநாளே நியமனக் கடிதத்தில் தனித்தனி வரியாக வந்தது.