நாற்பதாவது பெயர்

பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸ் முடிந்ததும் அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்கள் கூடைப்பந்துக்கோ அமெரிக்கக் கால்பந்துக்கோ மாறிவிடுவார்கள். எங்களுக்கு வேலை அப்போதுதான் சூடு பிடிக்கும். மேஜர் லீக் அணி ஒன்றின் அலுவலகத்தில், வீரர்களின் ஆட்டத்தை எண்களாக ஆராய்ந்து சொல்லும் பிரிவில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். சீசனில் 162 ஆட்டங்கள். அந்த ஆறு மாதமும் நாங்கள் பயிற்சியாளர்களுக்குத் துணை, அவ்வளவுதான். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கதையே வேறு. யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது, யாரைக் கொடுத்து யாரை வாங்குவது என்ற பேச்சில் எங்கள் தாள்களும் மேஜைமேல் இருக்கும்.

ஊரில் இருப்பவர்கள் கேட்டால் ஐபிஎல் ஏலத்தைச் சொல்லித்தான் விளக்கத் தொடங்குவேன். ஆனால் அது பாதி வழிதான் கூட வரும். இங்கே ஏலம் கிடையாது. மேஜர் லீக்கில் ஆறு வருடம் முடித்தவர் ஃப்ரீ ஏஜென்ட். எந்த அணியோடும் பேசலாம், பிடித்த இடத்தில் கையெழுத்துப் போடலாம். அதுவரை அவர் அணியின் கையில். முதல் இரண்டு மூன்று வருடங்கள் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே ஓடும். 2025இல் அது 7,60,000 டாலர். அதன் பிறகு ஃப்ரீ ஏஜென்ட் ஆகும்வரை சம்பளத்தில் ஒத்துப்போகாவிட்டால், அந்தத் தகராறைத் தீர்க்கும் நடுவர்கள் முன்னால் போகவேண்டும்.

இந்த 'ஒரு வருடம்' என்பதற்கும் கணக்கு உண்டு. மேஜர் லீக் பட்டியலில் 172 நாள் இருந்தால் ஒரு வருடம். 2015இல் சிகாகோ கப்ஸ் அணி கிரிஸ் பிரையன்ட்டைச் சீசன் தொடங்கிச் சில நாள் கழித்து அழைத்துக்கொண்டது. வருட முடிவில் அவர் கணக்கில் 171 நாள். ஒரு நாள் குறைந்ததால் அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆவது முழுதாக ஒரு வருடம் தள்ளிப்போனது. அவர் முறையிட்டார், 2020இல் தீர்ப்பு அணிக்குச் சாதகமாக வந்தது. எங்கள் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். நாம் தட்டெழுதும் ஒரு தேதிக்கு இன்னொருவர் வாழ்க்கையில் என்ன விலை என்று அதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்கு வேறு உதாரணம் கிடைக்கவில்லை.

செய்தியாவது பெரிய ஒப்பந்தங்கள். 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் அணி வான் சோட்டோவுக்கு 15 வருடத்துக்கு 76.5 கோடி டாலர் கொடுத்தது. அந்த அளவுத் தொகையில் உரிமையாளர் மனசுதான் கடைசி வார்த்தை. ஆராய்ச்சிப் பிரிவு என்ன எழுதினாலும் அது ஓரத்தில்தான் நிற்கும். நாங்கள் எழுதியதை வைத்தே முடிவாகிற இடம் பட்டியலின் அடிமட்டம். 38, 39, 40ஆவது பெயர்கள்.

ஆட்டத்துக்கு இறங்கும் பட்டியலில் 26 பேர். அதையும் உள்ளடக்கி அணி ஒன்று நாற்பது பேரைத் தனக்கென்று பூட்டி வைத்துக்கொள்ளலாம். மேஜர் லீக்குக்குக் கீழ்ப்படியான மைனர் லீக்கில் நான்கைந்து வருடம் ஆடிவிட்ட இளைஞனை அந்த நாற்பதில் சேர்க்காவிட்டால், டிசம்பரில் நடக்கும் ரூல் ஃபைவ் தேர்வில் வேறு அணி ஒரு லட்சம் டாலர் கட்டி அவனைக் கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் எடுத்தவர்கள் அடுத்த சீசன் முழுக்க அவனை 26 பேரில் வைத்திருக்க வேண்டும்; முடியாவிட்டால், பாதிப் பணத்துக்குப் பழைய அணியே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 1954இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் இப்படிப் பூட்டாமல் விட்ட பையன் ராபர்ட்டோ கிளமென்ட்டே. பிட்ஸ்பர்க் எடுத்துக்கொண்டது. பின்னாளில் 3,000 ஹிட் அடித்து, கீர்த்திமான்கள் மண்டபத்தில் இடம் பிடித்தார். அந்தப் பெயரைச் சொல்லி இன்றும் எல்லா அணிகளிலும் யாராவது ஒருவர் பயமுறுத்திக்கொண்டேதான் இருப்பார்.

2021 நவம்பர். கெடு நாள், மாலை ஆறு மணிக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். எங்கள் கூட்ட அறைச் சுவரில் பெரிய வெள்ளைப் பலகை. ஆளுக்கொரு காந்தப் பட்டை. அதில் பெயர், வயது, இடது கையா வலது கையா, எத்தனை வருடச் சேவை, மைனர் லீக்குக்கு இறக்கி அனுப்பும் வாய்ப்பு எத்தனை மிச்சம் என்று பொடி எழுத்தில் இருக்கும். நாற்பது இடம், நாற்பத்தொரு பட்டை. கடைசி இடத்துக்கு இரண்டு பெயர்கள். ஒருவர் 31 வயது இடது கை ரிலீவர். ஆட்டத்தின் பிற்பகுதியில் வந்து சில பேரை மட்டும் அவுட்டாக்கிவிட்டுப் போகிறவர். பந்தின் வேகம் இரண்டு வருடத்தில் மணிக்கு இரண்டு மைல் இறங்கியிருந்தது. இறக்கி அனுப்பும் வாய்ப்பும் மிச்சமில்லை. இன்னொருவன் 22 வயது பிட்சர், அதாவது பந்து வீசுகிறவன்; மேஜர் லீக்கை எட்டிக்கூடப் பார்க்காதவன்.

வேறு அணி அவனை எடுத்துவிடும் சாத்தியம் எவ்வளவு, எடுத்தால் ஒரு சீசன் முழுக்க வைத்துச் சமாளிப்பார்களா, அந்த இடது கைக்காரரைப் போல இன்னொருவரைப் பிப்ரவரியில் என்ன விலைக்குப் பிடிக்கலாம்: இவ்வளவும் என் தாளில் இருந்தது. அடுத்த வருடத்துக்கு மட்டும் பார்த்தால் இடது கைக்காரர் கொஞ்சம் மேல். மூன்று வருடத்துக்குப் பார்த்தால் பையன் வெகு தூரம் முன்னே. ஊர் ஊராகப் போய் வீரர்களை நேரில் பார்த்து எடைபோடும் எங்கள் ஸ்கௌட் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், என் தாளைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பையனைப் பத்தி நீங்க எழுதியிருக்கறது சரிதான். நானும் அதேதான் சொல்றேன். ஆனா அந்தப் பெரியவருக்கு ரெண்டு சின்னக் குழந்தைங்க. நாளைக்குக் கூப்பிடலாம்னு விட்டுடாதீங்க, இன்னைக்கே சொல்லிடுங்க" என்றார். பொதுமேலாளர் இடது கைக்காரரின் பட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். பக்கத்து அறைக்குப் போய் அவரே போன் செய்தார்.

திரும்பி வந்து அவர் சொன்னது: வீரர் கோபப்படவில்லை. "இன்னும் யாருக்கும் சொல்லலையே? என் மனைவிகிட்ட நான் முதல்ல சொல்லணும்" என்று மட்டும் கேட்டாராம். லீக் அலுவலகத்துக்குப் பட்டியல் நேரத்துக்குப் போய்விட்டது. பத்திரிகைக் குறிப்பை மட்டும் அரை மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். செய்தித் தொடர்புப் பிரிவில் அதற்கு முணுமுணுப்பு இருந்தது. நிருபர்கள் நிமிடக் கணக்கில் போட்டி போடும் காலம் இது. அணியை முந்திக்கொண்டு ஜெஃப் பாசன் போன்றவர்கள் போட்டுவிடுவார்கள். அந்த அரை மணி நேரம் அன்று அந்தக் கட்டடத்தில் நடந்தவற்றிலேயே மதிப்பான விஷயம் என்று அப்போதே நினைத்தேன்.

அடுத்து வந்ததை யாரும் கணக்கில் எழுதியிருக்கவில்லை. டிசம்பர் 2 அன்று உரிமையாளர்கள் கதவடைப்பு அறிவித்தார்கள். 99 நாள் நீடித்தது. நாற்பது பேர் பட்டியலில் இருப்பவர்கள் வீரர்கள் சங்கத்தின் உறுப்பினர்கள். அணி ஊழியர் யாரும் அவர்களோடு பேசக்கூடாது, அவர்கள் அணியின் பயிற்சிக்கூடத்தில் கால் வைக்கக்கூடாது. பட்டியலில் இல்லாத மைனர் லீக் பையன்களுக்கு இந்தத் தடை இல்லை. ரூல் ஃபைவ் தேர்வின் மேஜர் லீக் சுற்றையும் முதலில் தள்ளிப்போட்டு, பிறகு ரத்தே செய்துவிட்டார்கள். ஆக, அந்தப் பையனை நாங்கள் பூட்டாமல் விட்டிருந்தாலும் எடுத்துப்போக எந்த அணிக்கும் வாய்ப்பே வந்திருக்காது. பட்டியலில் சேர்த்த ஒரே காரணத்தால், தோள்வலிக்காக எங்கள் பிசியோ கொடுத்திருந்த பயிற்சியைத் தொடர்ந்து மேற்பார்வை பார்க்க அவனுக்கு ஆளில்லாமல் போனது. அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள் எங்கள் மைதானத்தில் பந்து வீசிக்கொண்டிருந்தார்கள். அவன் சொந்த ஊரில் பள்ளிக்கூட மைதானம் ஒன்றில் அண்ணனுக்கு வீசிக்கொண்டிருந்தான். விட்டுவிட்ட இடது கைக்காரரோ கதவடைப்புக்கு முன்பே வேறு அணியோடு மைனர் லீக் ஒப்பந்தம் போட்டுவிட்டார்.

முடிவு சரியா என்று கேட்டால், அன்று தெரிந்ததை வைத்துப் பார்த்தால் சரிதான். இன்றும் அதையேதான் எழுதுவேன். ஆனால் எங்கள் தாளில் அணிக்கு என்ன நேரும் என்பது மட்டுமே இருந்தது, அவனுக்கு என்ன நேரும் என்பது ஒரு வரிகூட இல்லை. அதன் பிறகு நான் எழுதும் ஒவ்வொரு பரிந்துரையிலும் கடைசியாக ஒரு பக்கம் சேர்க்கிறேன். இந்த முடிவு வந்த மறுநாள் காலை அந்த ஆளுக்கு என்ன மாறும்: சம்பளம், வீடு, சிகிச்சை, விசா. வெனிசுலாவிலிருந்தும் டொமினிகன் குடியரசிலிருந்தும் வந்தவர்களுக்கு விசா சின்ன விஷயமல்ல. வேலை விசாவில் இந்த நாட்டுக்கு வந்த எனக்கு அதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

பிப்ரவரியில் வருவது ஆர்பிட்ரேஷன். என் வேலையில் எனக்கு மிகவும் கனமான பகுதி அதுதான். அணி ஒரு தொகை சொல்லும், வீரர் ஒரு தொகை சொல்வார். மூன்று நடுவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம், நடுவில் ஒரு தொகை சொல்ல அவர்களுக்கு அதிகாரமில்லை. ஹோட்டல் அறை ஒன்றில், வீரர் கோட்டு சூட்டோடு எதிரே உட்கார்ந்திருக்க, அவர் ஏன் அவ்வளவு பெறாதவர் என்று அணித்தரப்பு ஒரு மணி நேரம் விளக்கும். ஜூலையில் 'நீதான் எங்கள் தூண்' என்று அவரிடம் சொன்ன அதே அணி.

மில்வாக்கி புரூவர்ஸ் அணியின் கார்பின் பர்ன்ஸ் 2021இல், சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியவர். 2023இல் அவர் கேட்டது 1.075 கோடி டாலர், அணி சொன்னது 1.001 கோடி. அணி ஜெயித்தது. முந்தைய சீசனில் அணி பிளேஆஃபுக்குப் போகாததற்குத் தன்னையே காரணமாக முன்னிறுத்தினார்கள் என்று அவர் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார், உறவு புண்பட்டுவிட்டது என்றார். ஒரு வருடம் கழித்து அவரைப் பால்டிமோருக்கு டிரேடு செய்தார்கள். இழுபறியெல்லாம் ஏழரை லட்சம் டாலருக்கும் குறைவான வித்தியாசத்துக்கு. அணிகளின் வாதம் எனக்குத் தெரியும்: ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் அந்தத் தொகையைக் காட்டி அடுத்த வருடம் பத்துப் பேர் கேட்பார்கள். வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் புண்பட்டுப்போன மனசை எந்த அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நான் தயாரிப்பில் இருந்த வழக்கு ஒன்றில், செப்டம்பரில் அந்த வீரர் கோட்டைவிட்ட ஆட்டங்களை மட்டும் தொகுத்து ஒரு பக்கம் போடலாம் என்று பேச்சு வந்தது. அவரைப் போன்றவர்களின் சம்பளத்தோடு ஒப்பிட்டதிலேயே நம் தொகை நிற்கிறது, அந்தப் பக்கத்தால் ஒரு டாலர்கூட நகராது, அவர் மனசில் மட்டும்தான் தங்கும் என்று எழுதிக் கொடுத்தேன். நீக்கினார்கள். தீர்ப்பு யாருக்கு வந்தது என்பதை இங்கே சொல்வது முறையல்ல.

ஃப்ரீ ஏஜென்ட் ஒப்பந்தங்களிலும் எல்லோரும் மறந்துவிடுகிற ஒரு கட்டம் மருத்துவப் பரிசோதனை. 2022 டிசம்பரில் கார்லோஸ் கொரியா சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸோடு 13 வருடம், 35 கோடி டாலர் என்று ஒத்துக்கொண்டார். அறிமுகக் கூட்டம் நடக்க வேண்டிய அன்றே அது ரத்தானது. மைனர் லீக் நாளில் உடைந்து அறுவைச் சிகிச்சை செய்த காலைப் பற்றி மருத்துவர்களுக்குச் சந்தேகம். பிறகு மெட்ஸ் 31.5 கோடி என்றது, அவர்களுக்கும் அதே சந்தேகம். கடைசியில் மினசோட்டாவில் 6 வருடம், 20 கோடி. ஜயன்ட்ஸைக் குறை சொன்னவர்கள் நிறைய. பதின்மூன்று வருடத்துக்குப் பொறுப்பேற்கிறவர்கள் ஸ்கேன் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கத்தான் செய்வார்கள்; அதில் எனக்குத் தப்பாக ஒன்றும் தெரியவில்லை.

டிரேடு வேறு விதம். 2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துச் சென்னை சஞ்சு சாம்சனை வாங்கியபோது வீட்டிலிருந்தே எனக்கு ஆற்றாமையோடு போன் வந்தது. ஐபிஎல்லில் வீரர் சம்மதிக்காமல் அப்படி மாற்ற முடியாது என்பதை அவர்களிடம் சொன்னேன். இங்கே பெரும்பாலானவர்களிடம் யாரும் கேட்பதேயில்லை. 1969இல் செயின்ட் லூயிஸ் அணி கர்ட் ஃபிளட்டைப் பிலடெல்பியாவுக்குக் கொடுத்தது. பன்னிரண்டு வருடம் ஆடிய அணி. விற்கவும் வாங்கவும் நான் ஒரு சொத்து அல்ல என்று ஆணையருக்குக் கடிதம் எழுதிவிட்டு அவர் நீதிமன்றம் போனார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார், ஆட்ட வாழ்க்கையும் போயிற்று. ஆனால் பத்து வருடம் ஆடி, அதில் கடைசி ஐந்தையும் ஒரே அணியில் கழித்தவர் டிரேடை மறுக்கலாம் என்ற விதி 1973இல் வந்தது. ஃப்ரீ ஏஜென்ட் முறைக்கும் 1975இல் வழி திறந்தது. நாற்பதாவது பெயர்க்காரருக்கு அந்தப் பத்து வருடம் கிடைப்பது அபூர்வம். அவருக்கு ஒரு போன் வரும். மறுநாள் வேறு நகரம்.

அந்த போன் இப்போது எங்கள் அணியில் ஒழுங்காகப் போகிறது. யார் பேசுவது என்று முன்னமே முடிவாகிறது, வீட்டு வாடகை ஒப்பந்தத்தை யார் பார்ப்பார் என்பதும் சொல்லப்படுகிறது. ஒன்று மட்டும் பாக்கி. டிரேடான நிமிடமே வீரரின் டேப்லெட் கணக்கு மூடப்படும். ஒவ்வொரு பந்தின் சுழற்சி, கை விடுபடும் உயரம், தோளின் பலம் குறித்த அளவுகள் என்று வருடக்கணக்கில் சேர்ந்த அவருடைய சொந்த உடம்பின் பதிவு எங்களிடமே நின்றுவிடும். எங்கள் ஆய்வு முறை வெளியே போகக்கூடாது என்பதை ஏற்கிறேன். அவருடைய உடம்பின் அளவுகள் அவரோடு போகவேண்டும் என்கிறேன். எதிரணிக்கு நாமே உதவி செய்வதா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நம்மிடம் வருகிற வீரரும் அதே பதிவோடு வந்தால் நமக்கும் லாபம்தானே என்பது என் பதில். எந்தெந்த அளவுகளைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்று இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சட்டப் பிரிவு படித்துக்கொண்டிருக்கிறது.