எட்ஜ்வுட்டின் 26 டாலர்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதத்தில் எங்கள் கவுண்டியின் மதிப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வரும். வீட்டின் சந்தை மதிப்பு சென்ற ஆண்டு எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு, அதை ஏற்காவிட்டால் மே மாத நடுவுக்குள் எப்படி முறையிடலாம் என்ற விவரங்கள் அதில் இருக்கும். அந்தக் கடிதம் வந்த வாரத்தில் ஆஸ்டின் பகுதித் தமிழர்கள் நான்கு பேர் கூடினாலும் பேச்சு சொத்து வரியைப் பற்றித்தான். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது; 2019-இல் மாநில அரசமைப்பையே திருத்தி அதற்குத் தடை போட்டுவிட்டார்கள். ஆகவே வீட்டின் மேல் விழும் வரி கனமானது, அதில் பெரும்பங்கு பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புக்கு, உரியது. எங்கள் பேச்சும் பெரும்பாலும் "நம் பணத்தை ராபின் ஹூட் திட்டம் வேறு ஊருக்குக் கொண்டுபோகிறது" என்ற குறையில் வந்து நிற்கும். செல்வமான பள்ளி மாவட்டங்களின் வரியில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும் அந்த மாநிலத் திட்டம் யாருக்காக வந்தது என்பதைப் பல ஆண்டுகளாக நானும் கேட்டுப் பார்க்கவில்லை.

தமிழ்நாட்டில் நான் படித்தது அரசுப் பள்ளியில். ஆசிரியர்களின் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வந்தது. பள்ளி இருந்த தெருவில் ஓட்டு வீடு இருந்ததா மாடி வீடு இருந்ததா என்பதற்கும் அந்தச் சம்பளத்துக்கும் தொடர்பு இருக்கவில்லை. இங்கே வீடு தேடியபோது நாங்கள் முதலில் பார்த்தது பள்ளி மாவட்டத்தின் எல்லைக்கோட்டைத்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த அதே அளவு வீடு கணிசமாக மலிவாக இருந்தும் இந்தப் பக்கத்தையே தேர்ந்தெடுத்தோம். என்னைச் சுற்றியுள்ள அநேகமாக எல்லாத் தமிழ்க் குடும்பங்களும் இதைத்தான் செய்திருக்கின்றன. பிள்ளைகளுக்கு நல்லது தேடியது தவறில்லை, ஆனால் நல்ல பள்ளியை வீட்டு விலையோடு சேர்த்து வாங்கும் ஓர் ஏற்பாட்டுக்குள் நாங்களும் இருக்கிறோம் என்பதை மறுக்க முடியாது.

அந்தக் கோட்டின் மறுபக்கத்தை நாட்டுக்கே காட்டிய ஊர், டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் தனிப் பள்ளி மாவட்டமாக உள்ள எட்ஜ்வுட். 1968 மே 16 அன்று அங்கிருந்த உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நூற்றுக்கணக்கில் வகுப்பை விட்டு வெளியேறி, மாவட்டப் பள்ளி அலுவலகத்தை நோக்கி நடந்தார்கள். தகுதி பெற்ற ஆசிரியர்களும், பாடப் பொருள்களும், பழுது பார்த்த கட்டடமும் வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. அவ்வளவு எளிய கோரிக்கைக்காகப் பிள்ளைகள் தெருவில் இறங்க நேர்ந்ததை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. மாணவர்களில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் மெக்சிகோ வம்சாவளியினர். அதே ஆண்டு பெற்றோர்கள் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். கெல்லி விமானப்படைத் தளத்தில் தகடு வேலை செய்த டெமெட்ரியோ ரோட்ரிகஸின் பெயரால் அந்த வழக்கு அறியப்படுகிறது.

வழக்கில் முன்வைக்கப்பட்ட கணக்கை நான் பலமுறை படித்திருக்கிறேன். எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி செலுத்தினார்கள். அந்த வட்டாரத்திலேயே மிக உயர்ந்த விகிதம் அதுதான். அதிலிருந்து கிடைத்தது மாணவர் ஒருவருக்கு 26 டாலர். அதே நகர வட்டாரத்தின் வசதி மிக்க அலமோ ஹைட்ஸில் வரி விகிதம் 85 சென்ட்தான். கிடைத்ததோ மாணவர் ஒருவருக்கு 333 டாலர். மாநில அரசு எட்ஜ்வுட்டுக்கு 222 டாலரும் அலமோ ஹைட்ஸுக்கு 225 டாலரும் தந்தது. ஏழை ஊருக்கு 3 டாலர் குறைவாக! எட்ஜ்வுட் மக்கள் கல்வியில் அக்கறை இல்லாதவர்கள் என்று எவரும் சொல்ல முடியாதபடி இந்த எண்கள் பேசுகின்றன. அவர்கள் தங்கள் சக்திக்கு மீறிக் கொடுத்தார்கள். வரி போடுவதற்கு அவர்களிடம் சொத்துதான் இல்லை.

1973 மார்ச் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் ரோட்ரிகஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல், கல்வி அமெரிக்க அரசமைப்பு பாதுகாக்கும் அடிப்படை உரிமை அல்ல என்றார். தர்குட் மார்ஷல் நீண்டதொரு மாறுபட்ட தீர்ப்பை எழுதினார். அத்துடன் கூட்டாட்சி நீதிமன்றத்தின் கதவு மூடிக்கொண்டது. பள்ளி நிதி என்பது ஐம்பது மாநிலங்களின் ஐம்பது தனித்தனி அரசியலாக ஆனது இதற்குப் பிறகுதான்.

டெக்சாஸின் சொந்த அரசமைப்பில் வேறொரு வாசல் இருந்தது. அதன் ஏழாவது பிரிவு, இலவசப் பொதுப் பள்ளிகளைக் கொண்ட திறமையான ஓர் அமைப்பை நடத்துவது சட்டமன்றத்தின் கடமை என்கிறது. எட்ஜ்வுட் 1984-இல் அந்த வாசலைத் தட்டியது. 1989 அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்த ஊரின் பக்கம் நின்றார்கள். மாணவர் ஒருவருக்குக் கணக்கிட்டால், மிகச் செல்வமான மாவட்டத்தின் சொத்து மதிப்பு மிக ஏழையான மாவட்டத்தைப்போல் 700 மடங்கு இருந்தது என்று அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. சட்டமன்றம் அதன் பிறகு இயற்றிய இரண்டு ஏற்பாடுகள் நீதிமன்றத்தில் விழுந்தன. 1993 மே மாதம் வாக்காளர்களின் முன் வைத்த திருத்தமும் தோற்றது. பள்ளிகளை மூடும் நிலை நெருங்கியபோதுதான் அதே மாதம் ராபின் ஹூட் சட்டம் நிறைவேறியது. சொத்து வளம் ஒரு வரம்பைத் தாண்டிய மாவட்டம் தன் உபரி வரி வருவாயை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 1995-இல் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

அந்தச் சட்டத்தின் நோக்கம் நியாயமானது என்று நான் நம்புகிறேன். எதிர்ப்பவர்களின் குறைகளில் உண்மை இல்லாமலும் இல்லை. பணத்தை விட்டுக்கொடுப்பதில் பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருப்பது ஆஸ்டின் பள்ளி மாவட்டம். அதன் மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் குறைந்த வருமானக் குடும்பத்தினர். ஹியூஸ்டனில் அந்த விகிதம் இன்னும் அதிகம். நகரத்தின் மையத்தில் அலுவலகக் கோபுரங்கள் எழுந்தால் ஏட்டில் மாவட்டம் செல்வமாகிவிடுகிறது, வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் அப்படி ஆவதில்லை. ஹியூஸ்டன் வாக்காளர்கள் 2016 நவம்பரில் பணம் தர மறுத்து, தொகை குறைக்கப்பட்ட பின் 2017 மே மாதம் ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் எங்கள் வரிப் பேச்சுகளில் எப்போதும் விடுபட்டுப் போகும் செய்தி ஒன்று உண்டு, நான் இதை எழுதுவதே அதற்காகத்தான். ஒரு மாவட்டத்துக்கு எவ்வளவு நிதி உரியது என்பதை மாநிலத்தின் நிதிச் சூத்திரம் முடிவு செய்கிறது. வீட்டு மதிப்பு ஏறினால் அந்தத் தொகையில் உள்ளூர் வரியின் பங்கு கூடுகிறது, மாநிலம் தன் பையிலிருந்து போடவேண்டிய பங்கு குறைகிறது. செல்வமான மாவட்டங்கள் அனுப்பும் பணமும் மாநிலத்தின் பள்ளி நிதிக் கணக்கில்தான் சேர்கிறது. ஆகவே நம் வீட்டு மதிப்பு உயரும்போது எட்ஜ்வுட் போன்ற ஊருக்குக் கூடுதலாக எதுவும் போய்ச் சேர்வதில்லை; மாநில வரவு செலவுத் திட்டத்தின் சுமைதான் இலேசாகிறது. ஏழை மாவட்டத்தின்மேல் நாம் கொள்ளும் கோபம் இடம் மாறிய கோபம்.

அந்தச் சூத்திரத்தின்படி மாணவர் ஒருவருக்கான அடிப்படை ஒதுக்கீடு 2019-இல் 6,160 டாலராக வைக்கப்பட்டு ஆறு ஆண்டுகள் அப்படியே நின்றது. இடையில் பெருந்தொற்று வந்தது, விலைவாசி ஏறியது, ஆசிரியர்கள் வேலையை விட்டு விலகினார்கள். 2023-இல் மாநிலத்தின் கையில் 3,270 கோடி டாலர் உபரி இருந்தது. வீட்டுக்கு உரிய வரிவிலக்கை, அதாவது வீட்டு மதிப்பில் பள்ளி வரி விழாத பகுதியை, 40 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் டாலராக உயர்த்தினார்கள். பள்ளிகளுக்கான நிதி மட்டும், தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் உதவித்தொகைத் திட்டத்தோடு முடிச்சுப் போடப்பட்டது. தனியார் பள்ளியே இல்லாத சிற்றூர்களின் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் சிலர் ஜனநாயகக் கட்சியினரோடு சேர்ந்து அந்தத் திட்டத்தை எதிர்த்தார்கள். 2023 நவம்பரில் 84-க்கு 63 என்று அது மாநிலப் பிரதிநிதிகள் சபையில் வீழ்ந்தபோது பள்ளி நிதியும் சேர்ந்தே வீழ்ந்தது. எதிர்த்தவர்களில் பலர் 2024 உட்கட்சித் தேர்தலில் தோற்றார்கள். 2025 மே மாதம் 100 கோடி டாலரில் தனியார் பள்ளித் திட்டம் சட்டமானது; ஜூனில் பொதுப் பள்ளிகளுக்கு ஏறக்குறைய 850 கோடி டாலர் தரும் சட்டமும் வந்தது. ஆசிரியர் ஊதியத்துக்கு அதில் கிடைத்த பங்கு வரவேற்கத்தக்கது. அடிப்படை ஒதுக்கீடு கூடியதோ 55 டாலர்.

வரிவிலக்கால் பள்ளி மாவட்டம் இழக்கும் தொகையை மாநிலம் ஈடு செய்கிறது. அந்த ஈட்டுத் தொகையும் கல்விக்கான செலவு என்றே கணக்கில் ஏறுகிறது. கல்விக்கு முன் எப்போதையும்விட அதிகம் தருகிறோம் என்று மேடையில் கேட்கும்போது, அதில் எவ்வளவு வகுப்பறைக்குப் போனது, எவ்வளவு என் போன்ற வீட்டுக்காரர்களுக்கு வரிச் சலுகையாகத் திரும்பியது என்று பிரித்துக் கேட்க வேண்டும். விலக்கு இப்போது 1 லட்சத்து 40 ஆயிரம் டாலர். 2025 நவம்பரில் வாக்காளர்கள் அதற்கு ஒப்புதல் தந்தார்கள். எனக்கும் அதனால் பயன் உண்டு.

டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான அமர்வு ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், 140 நாள்களுக்கு நடப்பது. அடுத்தது 2027 ஜனவரியில். எங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதியிருக்கும் கடிதத்தில் வரியைக் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. அடிப்படை ஒதுக்கீட்டை விலைவாசியோடு இணைப்பாரா, மாவட்டங்கள் விட்டுக்கொடுக்கும் பணம் மாநிலத்தின் பங்கைக் குறைக்காமல் ஏழை மாவட்டங்களுக்குக் கூடுதலாகப் போய்ச் சேரும்படி சட்டத்தைத் திருத்துவாரா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறேன். அலமோ ஹைட்ஸின் 333, எட்ஜ்வுட்டின் 26 என்ற இரண்டு எண்களையும் அந்தக் கடிதத்தின் முதல் வரியில் எழுதினேன்.