புழு தின்பதற்கென்றே ஒரு தோட்டம்

எங்கள் அரசு நடுநிலைப் பள்ளியில் பட்டாம்பூச்சித் தோட்டம் போடலாம் என்றதும் பிள்ளைகள் ரோஜா, சாமந்தி என்று பூக்களாகவே அடுக்கினார்கள். தேன் குடிக்கப் பூக்கள் போதும். ஆனால் முட்டையிட ஒவ்வொரு வகைக்கும் அதன் புழு தின்னும் இலை வேண்டும். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சிக்கு எருக்கு, எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சையும் நாரத்தையும், கறிவேப்பிலை அழகிக்குப் பெயரிலேயே இருக்கிறது.

சத்துணவுத் தட்டு கழுவும் குழாயடிக்குப் பின்னால் இடம் பார்த்தோம். கை கழுவும் தண்ணீரைச் சிறு வாய்க்கால் வெட்டிப் பாத்திக்குத் திருப்பினோம். செடி வளரும் முன்பே அந்த ஈர மண்ணில் பட்டாம்பூச்சிகள் வந்து உட்கார்ந்தன. மண்ணிலுள்ள உப்புச்சத்தை உறிஞ்சத்தான். பெரும்பாலும் ஆண் பட்டாம்பூச்சிகள்தான் இப்படி வரும்.

எருக்குக்கு எதிர்ப்பு வந்தது. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று பெற்றோர் சொன்னது நியாயம். அதை வேலி ஓரமாக வைத்தோம். ஒடிப்பது, வெட்டுவதெல்லாம் ஆசிரியர்கள் மட்டுமே.

பெரிய பேச்சுவார்த்தை கறிவேப்பிலைக்குத்தான். சமையல் அக்காவுக்குத் தாளிக்க இலை வேண்டும், எங்களுக்குப் புழு வேண்டும். கடைசியில் சமையலறைப் பக்கமுள்ள செடிகள் அவருக்கு, மற்றவை புழுவுக்கு என்று முடிவானது. இலையெல்லாம் ஓட்டையாகிறதே, மருந்து அடிக்கலாமா என்று கேட்டவர்களுக்குப் பிள்ளைகளே பதில் சொன்னார்கள். அவர்கள் அதற்குள் புழுவோடு பழகியிருந்தார்கள். முதலில் பறவை எச்சம் போலவே இருக்கும், வளர்ந்தபின் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல் ஒரு கொம்பை நீட்டும், ஒரு நெடி வரும். அந்த நெடிக்காகவே சீண்டுபவர்களைத் தடுப்பது தனி வேலை!

ஒருநாள் தவிட்டுக்குருவிகள் வந்து புழுக்களைக் கொத்திக்கொண்டு போயின. ஐந்தாம் வகுப்பில் ஒரே அழுகை. குருவியை விரட்டலாம் என்று பாதிப் பேர், அதன் குஞ்சு என்ன சாப்பிடும் என்று மீதிப் பேர். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்த வாதம் மதியம்வரை நடந்தது. எந்தப் பாடத்திலும் அவர்கள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பறவைகளுக்கு அகலமான மண்சட்டியில் தண்ணீர் வைக்கிறோம். கொசு முட்டையிடாமல் இருக்கத் தினமும் கொட்டிக் கழுவி மாற்ற வேண்டும். அப்புறம், உண்ணிச்செடி பூ நிறையப் பட்டாம்பூச்சிகளை இழுக்கும்தான், ஆனாலும் வைக்காதீர்கள். காட்டையே மூடிவிடும் அயல்செடி அது. மே விடுமுறையை முன்கூட்டியே யோசித்துவிடுங்கள். எங்கள் ஊரில் பள்ளிக்கு அருகில் வீடுள்ள பிள்ளைகள், பெரியவர் ஒருவர் துணையோடு, முறை வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.