மாப்பிள்ளை மட்டும் மங்கல்

என் தோழியின் நிச்சயதார்த்தத்தில் நான் எடுத்த படங்களில் மாப்பிள்ளை இருக்கிறார் என்று சொன்னால் நம்பித்தான் ஆக வேண்டும். தோழியின் இமை முடியை எண்ணிவிடலாம். அவளுக்கு அரை அடி பின்னால் நின்ற மாப்பிள்ளையோ, வெந்நீரில் குளித்தபின் ஆவி படிந்த கண்ணாடியில் தெரிகிற ஆள் மாதிரி இருந்தார். ஒரு படம் என்றால் போகட்டும். 34 படம். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் பளிச்சென்றுதான் தெரிந்தன. வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

கேமரா வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கேனன் 1500டி, பழசு, 18,000 ரூபாய். கூடவே ஒரு 50 எம்எம் லென்ஸ். "ஐம்பது பேர் வர்ற வீட்டு விசேஷம், இதுக்கு எதுக்குடி தனியா போட்டோகிராபர், நீதான் கேமரா வாங்கியிருக்கியே" என்று அவள் கேட்டபோது எனக்கு உள்ளூரப் பெருமை. அதுவரை நான் எடுத்திருந்ததெல்லாம் துளசிச் செடி, தெருப் பூனை, கீழ் வீட்டுக் குழந்தை. எல்லாமே ஒற்றை ஆள் என்பது அப்போது உறைக்கவில்லை.

அந்த லென்ஸின் துளையை எஃப் 1.8 வரை திறக்கலாம். எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது. முழுசாகத் திறந்தால் பின்னணி வெண்ணெயாக உருகும். அதற்காகத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள், நானும் அதற்குத்தான் வாங்கினேன். ஆனால் இந்தக் கேமராவில் இரண்டு மீட்டர் தள்ளி நின்று அப்படி எடுத்தால், முன்னும் பின்னும் சேர்த்துத் தெளிவாக விழுகிற இடம் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர்தான். அரைச் சாண். ஒரு முகத்துக்கு மூக்கு நுனியிலிருந்து காது வரை எப்படியோ போதும். இரண்டாவது முகமும் அந்த அரைச் சாணுக்குள் வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஆவி படிந்த கண்ணாடிதான்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டாலும் கை நம்பவில்லை. செய்து பார்க்க ஜோடிக்கு எங்கே போவது? முதலில் கொலுப் பெட்டியிலிருந்து மரப்பாச்சி ராஜா ராணியை எடுத்து மொட்டை மாடிச் சுவரில் நிறுத்தினேன். பொம்மை சின்னது, அதனால் கிட்டப் போக வேண்டியிருந்தது. கிட்டப் போகப் போக அந்த அரைச் சாண் இன்னும் சுருங்கி ராணியின் மூக்கு மட்டும் மிஞ்சியது. அப்புறம்தான் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டைத் தூக்கிக்கொண்டு போனேன். போகஸ் பிடிக்க ஏதாவது எழுத்து வேண்டும் என்று இரண்டுக்கும் செய்தித்தாள் சுற்றினேன். ஒன்று பெண், ஒன்று மாப்பிள்ளை. மாப்பிள்ளைக் கேனை ஒவ்வொரு சாணாகப் பின்னால் தள்ளித் தள்ளி எடுத்தேன். துணி உலர்த்த வந்த வீட்டுக்கார அம்மா, "என்னம்மா, கேனுக்குப் பேப்பர் படிச்சுக் காட்டுறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கேன்கள் சொல்லிக் கொடுத்தது இதுதான். அதே இரண்டு மீட்டரில் எஃப் 4 வைத்தால் தெளிவு ஒரு சாணுக்குச் சற்று மேலே கிடைக்கிறது. மூன்று மீட்டருக்குத் தள்ளிப் போனால் அரை மீட்டரைத் தாண்டிவிடுகிறது. பின்னணி உருகாதே என்று பயந்தேன். பின்னால் இருக்கும் சுவரும் செடியும் ஜோடியை விட்டு நன்றாகத் தள்ளியிருந்தால் எஃப் 4-லேயே போதிய அளவு கரைகிறது. இன்னொன்று, போகஸ் புள்ளியைக் கேமராவின் இஷ்டத்துக்கு விடக் கூடாது. இதில் ஒன்பது புள்ளி இருக்கிறது. தானாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பெரும்பாலும் கிட்டத்தில் இருப்பதைக் கவ்விக்கொள்ளும். தோழியின் படங்களில் நாலைந்தில் முகம்கூட இல்லை, வளையல்தான் கூர்மையாக இருந்தது. இப்போது நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்து, முன்னால் நிற்பவரின் கண்ணில் பிடிக்கிறேன்.

வெளிச்சத்திலும் அன்று அடிதான். நல்ல நேரம் பார்த்துத்தான் தட்டு மாற்றுவார்கள், நல்ல வெளிச்சம் பார்த்து அல்ல. எல்லாம் முடிந்து மாடிக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. உச்சி வெயிலில் இரண்டு பேருக்கும் கண் இருக்கும் இடத்தில் குழி, மூக்குக்குக் கீழே நிழல் மீசை. தோழிக்கும்தான் மீசை. பத்தடி தள்ளி மாடிப்படி அறையின் வாசல் இருந்தது. நிலைக்கு ஓரடி உள்ளே நிழலில் நிறுத்தி, வெளியே பார்க்கச் சொல்லியிருந்தால் போதும். தரையில் சூட்டுக்காக அடித்திருந்த வெள்ளைப் பெயின்ட் கீழிருந்து வெளிச்சத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கும். ஒரு வாரம் கழித்து எங்கள் வீட்டு மாடியில் தம்பியை நிறுத்திப் பார்த்தபோது அது தெரிந்தது. தோழி ஒன்றும் சொல்லவில்லை. "உன்னை விட்டா யாரு என்னை இவ்வளவு அழகா எடுப்பா" என்றாள். மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

தை பிறந்ததும் அடுத்த வாய்ப்பு வந்தது. அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவரின் தங்கைக்கு நிச்சயமாகியிருந்தது. வைகாசியில் கல்யாணம். அழைப்பிதழுக்கும் மண்டப வாசல் பேனருக்கும் ஜோடியாக நாலு படம் வேண்டும். பெட்ரோல் காசு மாதிரி 3,000 ரூபாய் பேசினோம். பெரியவர்கள் பார்த்துச் செய்கிற கல்யாணம். பெண் பார்க்க வந்தபோது ஒருமுறை, நிச்சயத்தன்று ஒருமுறை, அவ்வளவுதான் இருவரும் நேரில் சந்தித்தது. போனில் பேசுவார்களாம். படம் எடுக்கிற இடத்துக்குத் துணையாகப் பெண்ணின் சித்தி வருவார் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

மாப்பிள்ளை எனக்கு வாட்ஸ்அப்பில் மாதிரிப் படம் ஒன்று அனுப்பினார். கடலுக்குள் சூரியன் இறங்குகிறது, முன்னால் இரண்டு பேர் நிழலுருவமாக நிற்கிறார்கள். "மேடம், பெசன்ட் நகர் பீச்சுல இதே மாதிரி ஒண்ணு." நானும் தாராளமாக "எடுத்துடலாம்" என்று பதில் போட்டேன். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். முந்தின நாள் மாலை இடம் பார்க்கப் போய், பெசன்ட் நகர் பீச்சான எலியட்ஸ் கடற்கரையில் 1930-இல் கடலில் மூழ்கி இறந்த கார்ல் ஷ்மிட்டின் வெள்ளை நினைவு மண்டபத்தருகே நின்று கடலைப் பார்த்தேன். அப்போதுதான் முதுகு சுட்டது. சூரியன் எனக்குப் பின்னால், அடுக்குமாடிகளுக்குப் பின்னே இறங்கிக்கொண்டிருந்தது. நம் கடல் கிழக்குக் கடல். இங்கே கடலில் சூரியன் உதிக்கும், மறையாது.

வெட்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு அங்கேயே ஒரு மணி நேரம் நின்றேன். பிப்ரவரியில் சென்னையில் ஆறேகால் வாக்கில் சூரியன் மறைகிறது. கட்டடங்கள் அதற்கு முன்பே வெயிலை மறித்துவிடுகின்றன. அதன் பிறகு மணல் முழுக்க நிழலில்லாத ஒரு மெத்தென்ற வெளிச்சம். கடலுக்கு முதுகு காட்டி நிற்கிற எல்லோருடைய முகத்திலும், சுண்டல் விற்கிற பையன் முகத்திலும்கூட, அது ஒரே சீராக விழுந்தது. காலையில் வந்திருந்தால் சூரியன் அவர்களுக்குப் பின்னால் இருந்திருக்கும், முகம் இருண்டிருக்கும். மாப்பிள்ளைக்கு உண்மையைச் சொன்னேன். "ஆமால்ல" என்று ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினார். நல்ல மனுஷன்.

மறுநாள் ஐந்தரைக்கு வந்துவிட்டார்கள். அவர் பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை. அவள் அரக்குச் சிவப்புப் பட்டு. சித்தி ஒரு மடக்கு நாற்காலியோடு வந்து, சரியாக எனக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார். வெளிச்சத்தைத் திருப்பிவிட நான் கொண்டுபோயிருந்த தெர்மாகோல் அட்டையைக் கடற்காற்று ஐந்தே நிமிடத்தில் பிடுங்கிக்கொண்டு போனது. அதை ஒரு நாய் துரத்தியது. அதுவும் போயிற்று.

காற்று கடலிலிருந்து அடிக்கிறது. கடலுக்கு நேராக முதுகு காட்டி நின்றால் முடியும் முந்தானையும் முகத்துக்கு வந்துவிடும். கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தி, தோளில் இன்னொரு ஊக்கு குத்தி, கொசுவத்தைச் சரிசெய்தேன். நான் பெண்ணாக இருந்ததில் அன்று எனக்குக் கிடைத்த ஒரே சலுகை அது. மாப்பிள்ளை அவளைவிட ஒரு தலை உயரம். மணல் சரிவில் அவரைக் கீழ்ப்பக்கமும் அவளை மேல்பக்கமும் நிறுத்தியதில் அது பாதியாகக் குறைந்தது. எஃப் 4, மூன்று மீட்டர். கேன்களை நினைத்துக்கொண்டேன். எல்லாம் சரி.

படம் மட்டும் சரியில்லை. இரண்டு பேரும் பள்ளிக்கூட அசெம்பிளியில் நிற்பதுபோல் நின்றார்கள். மாப்பிள்ளையின் கைகள் யாரோ இரவல் கொடுத்துவிட்டுப் போனவை மாதிரித் தொங்கின. இணையத்தில் பார்த்து ஒரு தாளில் எழுதிவைத்திருந்தேன்: நெற்றியோடு நெற்றி, பின்னாலிருந்து அணைப்பு, கையைப் பிடித்துச் சுற்றுவது. "அண்ணா, கொஞ்சம் நெருங்கி..." என்று தொடங்கியபோதே பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. அவள் காது வரை சிவந்து காலால் மணலைத் தோண்டினாள். அவர் ஓர் அங்குலம் நகர்ந்தார், எதிர்ப்பக்கமாக. அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். இரண்டே முறை பார்த்துக்கொண்ட இருவரை, அதுவும் சித்தி முன்னால், யாரோ ஊர் பேர் தெரியாத ஜோடிபோல நிற்கச் சொன்னது என் தப்பு.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. அப்போது வேர்க்கடலை வண்டிக்காரர் சட்டியில் கரண்டியால் தட்டிக்கொண்டே போனார். வேறு வழி தெரியாமல் தோலோடு இருந்த அவித்த கடலையாக ஒரு பொட்டலம் வாங்கி மாப்பிள்ளை கையில் கொடுத்தேன். "கொஞ்சம் ரெஸ்ட். சாப்பிடுங்க." சித்திக்கும் ஒரு பொட்டலம். அதுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், அதுவும் தெரியாமல் செய்தது. இரண்டு கையும் வேண்டும் என்பதால் சித்தி குனிந்து உரிக்க ஆரம்பித்தார்.

பொட்டலம் ஒன்று, ஆள் இரண்டு. காற்றுக்கு அது பறந்துவிடாமல் அவர் பிடித்துக்கொள்ள, அவள் குனிந்து எடுத்தாள். தலைகள் தாமாகப் பக்கத்தில் வந்தன. அவர் ஒரு கடலையை அழுத்த, தண்ணீர் தெறித்து அவர் சட்டையிலேயே விழுந்தது. அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்தினாள். "போன்லயும் இப்படித்தான், டீயைக் கொட்டிட்டேன்னு சொல்லுவார்" என்று என்னிடம் சொன்னாள். "அதைப் போய் இவங்ககிட்ட சொல்லணுமா?" என்றார் அவர். அதற்கப்புறம் நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார்கள். அடுத்த பதினைந்து நிமிடம் விடாமல் எடுத்தேன். தோலை எங்கே போடுவது என்று தெரியாமல் அவர் விழிக்க, அவள் உள்ளங்கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். பேனரில் வந்தது அந்தப் படம்தான். கடலை தெரியாதபடி கீழே வெட்டிவிட்டேன்.

இன்னொன்றும் பிடிபட்டது. ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி எடுத்தால் மூன்றில் சிரிப்பு உறைந்து நிற்கிறது. மூன்று சொல்லிவிட்டு அமுக்காமல் இருந்து, "முடிஞ்சுதா?" என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிற நொடியில் எடுக்க வேண்டும்.

படங்களை அனுப்பிய இரவு சித்தி போன் செய்தார். "எல்லாம் நல்லா இருக்கும்மா. பொண்ணுக்கு மட்டும் கலர் கொஞ்சம் ஏத்திக் குடு, கருப்பா தெரியறா." இது வரும் என்று தெரியும், கோபமாகப் பதில் சொல்லத் தயாராகவே இருந்தேன். சொல்லுவதற்கு முன் படத்தைத் திறந்து பார்த்தேன். சித்தி சொன்னதில் பாதி நிஜம். வெள்ளைச் சட்டையும் வேட்டியும் சட்டகத்தில் பெரும்பகுதியை அடைத்தால் கேமரா ஏமாந்துபோகிறது. இவ்வளவு வெள்ளை இருக்கக் கூடாது என்று அதுவாக எல்லாவற்றையும் மங்க வைத்துவிடுகிறது. சட்டை சாம்பலாகிறது, கூடவே இருவர் முகமும் இருள்கிறது. எடுக்கும்போதே எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதிகிற வெளிச்சத்தின் அளவை, முக்கால் படி வாக்கில் கூட்டி வைத்திருக்க வேண்டும். நல்லவேளை, பிறகு வெளிச்சத்தைத் திருத்த இடம் கொடுக்கிற ரா கோப்பாக எடுத்திருந்தேன். படம் முழுவதையும் அந்த அளவுக்கு ஏற்றினேன். சட்டை வெள்ளையாயிற்று, அவள் அவள் நிறத்துக்கு வந்தாள். மாநிறத்தில் நல்ல மினுமினுப்பு. அதற்கு மேல் தோலை வெளுக்கும் வேலையைச் செய்யவில்லை. "இதுக்கு மேல ஏத்தினா பட்டுப்புடவை கலர் போயிடும் சித்தி" என்றேன். பாதிப் பொய். புடவை என்றதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஜோடி. இந்த முறை இடம் ஒரு பூங்கா, நேரம் காலை ஆறரை. பையில் ஊக்கு, சீப்பு, கைக்குட்டை, வரும் வழியில் வாங்கிய ஒரு பொட்டலம் அவித்த கடலை. ஐந்து நிமிடம் அசெம்பிளி நடந்தது. நான் தயாராக இருந்தேன். அனுபவசாலி மாதிரிப் பொட்டலத்தை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினேன்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க" என்றார் அவர். "வேர்க்கடலை எனக்குச் சுத்தமா ஒத்துக்காது. உடம்பெல்லாம் தடிச்சுடும்."

பூங்கா வாசலில் இளநீர் வண்டி ஒன்று நின்றது. கடைக்காரர் இன்னும் தார்ப்பாயைக்கூட அவிழ்க்கவில்லை.