பாதாம் இலைக்கு ஐந்து யூரோ

மியூனிக் வந்த புதிதில் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது கெட்டிலைப் பார்த்துத்தான். பத்து நாள் வெந்நீர் வைத்ததில் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டிவிட்டது. கிருஷ்ணகிரி பக்கத்துக் காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டு போர் தண்ணியில் வெந்நீர் போடும் அண்டாவிலும் இதே பொருக்குதான், புளி போட்டுத் தேய்த்தாலும் முழுசாகப் போகாது. ஆல்ப்ஸ் மலைத் தண்ணீர் என்றால் சோப்பு நுரை பொங்கும் என்று நம்பி வந்தவன் நான். மலையடிவாரத்திலிருந்துதான் வருகிறது, ஆனால் சுண்ணாம்புக்கல் வழியாக ஊறி வருகிறது. இவர்கள் கணக்கில் சுமார் 16 டிகிரி கடினம். 14-ஐத் தாண்டினாலே இங்கே கடினநீர்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த டிசம்பரில் இந்தத் தண்ணீர்க் கணக்கு தெரியாமல் போய் ஒரு மீன் கடையில் அசடு வழிந்தேன்.

ஆபீஸில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் விக்டெல்ன் என்று ஒன்று நடத்துவார்கள். சீட்டுக் குலுக்கி, யார் பேர் வருகிறதோ அவருக்கு ரகசியமாகப் பரிசு, 15 யூரோவுக்குள் முடிக்க வேண்டும். எனக்கு வந்தது கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு அம்மா. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கிறார், தினமும் சாப்பாட்டு இடைவேளையில் அதைப் பற்றித்தான் பேசுவார். சரி, வேலை சுலபம், நாலு மீன் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று சனிக்கிழமை கிளம்பினேன் (ஞாயிற்றுக்கிழமை இங்கே பெரும்பாலும் கடை திறக்காது, அதைப் பட்டினி கிடந்து கற்றுக்கொண்டேன்).

நம்ம ஊரில் மீன் கடைக்குப் போனால் எத்தனை ஜோடி என்று மட்டும் கேட்பார்கள். கவரில் பாதி தண்ணி, மீதிக்கு ஆக்சிஜன், முறுக்கி ரப்பர் பேண்ட், முடிந்தது. இங்கே நியான் டெட்ராவைக் காட்டி நாலு என்றேன், அந்தப் பெண் வலையைக் கையில் எடுக்கவே இல்லை. தொட்டி எத்தனை லிட்டர்? தண்ணீர் எத்தனை டிகிரி கடினம்? ஏற்கெனவே என்ன மீன் இருக்கிறது? தொட்டி வைத்து எத்தனை வாரம் ஆகிறது? ஒன்றுக்கும் பதில் இல்லை. என்னுடைய தொட்டி இல்லை, பரிசு என்றதும் முகம் மாறிவிட்டது. நியான் அமேசான் பக்கத்து மீன், மென்மையான தண்ணீரில் வாழ்வது, அதுவும் கூட்டமாக இருக்க வேண்டியது, யார் வீட்டுத் தொட்டி என்று தெரியாமல் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். காசு கொடுக்கிறவனுக்குப் பொருள் இல்லை என்று சொல்லும் கடையை அன்றுதான் பார்த்தேன். கோபம்தான் வந்தது. டிராமில் வரும்போது யோசித்தால் அவள் சொன்னது சரி.

எங்கள் வீட்டிலேயே அந்தக் கதை நடந்திருக்கிறது. தம்பி பத்தாவது படிக்கும்போது மாமா ஒரு உருண்டைக் கண்ணாடிக் கிண்ணமும் இரண்டு கோல்டு ஃபிஷ்ஷும் பரிசாகக் கொடுத்தார். ஐந்தாவது நாள் இரண்டும் மிதந்தன. கண் பட்டுவிட்டது என்றாள் அம்மா. கண்ணும் இல்லை காதும் இல்லை, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா. அதைத் தின்று நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகிற பாக்டீரியா ஒரு புதுத் தொட்டியில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும், அதற்குள் மீனை விட்டால் தன் விஷத்திலேயே அது முடிந்துவிடும். கிண்ணத்தில் தண்ணீரும் கொஞ்சம், அதனால் இன்னும் சீக்கிரம்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி அதே கடைக்குப் போனேன், இந்த முறை விசாரித்துக்கொண்டு. அந்த அம்மாவிடம் 54 லிட்டர் தொட்டி, ஒரு ஃபைட்டர் மீன், நிறைய செர்ரி இறால். மீன் வளர்க்கிறவர்களுக்கு என்ன வாங்குவது என்று கடைப் பெண்ணிடமே கேட்டேன். ஜொலிக்கும் கோட்டை, புதையல் பெட்டி எல்லாம் வளர்க்காதவர்கள் வாங்குவது, வளர்க்கிறவர்கள் அதைப் பரண் மேல் போட்டுவிடுவார்கள் என்றாள். சங்கு, பளிங்குக் கல்லும் வேண்டாம், அது கரைந்து ஏற்கெனவே கடினமான தண்ணீரை இன்னும் கடினமாக்கும். அவர்கள் ஆசைப்படுவது அழகில்லாத சாமான்கள்தான்: நைட்ரைட், நைட்ரேட் பார்க்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட், அடி மணலிலிருந்து அழுக்கை உறிஞ்சும் ட்யூப், செடி நட நீளமான இடுக்கி, ஒரு சோப்பும் படாத புது வாளி. கண்ணாடி துடைக்கும் காந்தமும் நல்லதுதான், ஆனால் நடுவில் ஒரு மணல் துகள் மாட்டினால் கண்ணாடி முழுக்கக் கோடு.

டெஸ்ட் கிட் என் 15 யூரோவுக்குள் வரவில்லை. திரும்பும்போது பக்கத்து அலமாரியில் செலோஃபேன் கவருக்குள் காய்ந்த இலைகள் தொங்கின. எடுத்துப் பார்த்தேன். பழுப்பு நிறம், நடு நரம்பு தடித்து, நுனி அகன்று, காம்புப் பக்கம் குறுகி. நம்ம பாதாம் இலை! பள்ளிக்கூட மைதானத்தில் சிவந்து சிவந்து உதிருமே, அந்த நாட்டு வாதுமை. பத்து இலை ஐந்து யூரோ சொச்சம். அந்த மரத்தடியில் காயைக் கல்லால் நசுக்கிப் பருப்பு தின்ன நேரத்தில் இலையைப் பொறுக்கியிருந்தால் இன்றைக்கு நான் வேலைக்கே வந்திருக்க வேண்டாம்.

இலையைப் போட்டால் டானின் என்ற துவர்ப்புச் சத்து இறங்கித் தண்ணீர் டிகாக்ஷன் நிறத்துக்கு வரும், பூஞ்சையை ஓரளவு தடுக்கும், ஃபைட்டருக்கு அது ரொம்பப் பிடிக்கும். இறால் இலையையே மேய்ந்து நரம்பை மட்டும் விட்டுவைக்கும். மியூனிக் மாதிரி கடினநீரில் பிஹெச் (அமிலம் ஏறினால் குறைகிற அளவு) பெரிதாக இறங்காது, அதையும் கடைப் பெண்ணே சொன்னாள். இரண்டு கவர் வாங்கினேன்.

பிரித்துப் பார்த்த அந்த அம்மா இலையை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, இது உங்கள் ஊரில் கிடைக்குமா என்று கேட்டார். கூட்டிப் பெருக்கி எரிப்போம் என்று சொல்ல வாய் வரவில்லை, கிடைக்கும் என்றேன். அவர் என்னிடம் தானாக வந்து பேசிய முதல் நாள் அதுதான். அப்புறம் ஜனவரியில் வீட்டுக்குக் கூப்பிட்டுத் தொட்டியைக் காட்டினார், என் அரைகுறை ஜெர்மன் பாதி அந்தத் தொட்டி முன்னால் நின்று தேறியதுதான்.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். தம்பி இப்போது மூன்றடித் தொட்டியில் கப்பி மீன் வளர்க்கிறான், நம்ம ஊர்த் தண்ணிக்கு அதுதான் சரி. அவனுக்கு என்ன வாங்குவது என்று யோசித்தபோது ஒன்று புரிந்தது, மியூனிக்கில் பட்டியல் போட்ட பரிசு காவேரிப்பட்டணத்துக்கு ஆகாது. சொட்டு மருந்து பெட்டியில் ஒழுகும் என்று பயந்து டெஸ்ட் ஸ்டிரிப் எடுத்தேன், துல்லியம் கொஞ்சம் குறைவு, பரவாயில்லை. குழாய்த் தண்ணீரின் குளோரினை நீக்கும் மருந்து அங்கேயே கிடைக்கிறது, இல்லாவிட்டால் வாளியில் ஒரு நாள் பிடித்து வைக்கலாம். நான் பார்த்துப் பார்த்து வாங்கியது பேட்டரி ஏர் பம்ப், கரண்ட் போனால் தானாக ஓடுவது. இங்கே ஆபீஸில் காட்டினால் எதற்கு என்று கேட்பார்கள். ஊரில் மாதம் ஒரு நாள் பராமரிப்புக்குக் காலையிலிருந்தே கரண்ட் இருக்காது, அன்றைக்கு அம்மாதான் தொட்டிக்குள் சொம்பை விட்டு மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவாள், மீனுக்கு மூச்சு வேண்டுமே என்று. “கே.ஆர்.பி. டேமுக்குப் போய் வறுத்த மீன் வாங்கித் தின்னுட்டு வர்றத விட்டுட்டு, இதுங்களுக்கு நான் ஆயா வேலை பாக்கறேன்” என்று புலம்பிக்கொண்டே.

தம்பி முதலில் ஸ்டிரிப்பை நனைத்தான். கடினத்துக்கான கட்டம் கடைசி நிறத்துக்குப் போய் நின்றது. “ண்ணா, இதுக்கு ஜெர்மனியில இருந்து காகிதம் வரணுமா, அண்டாவப் பாத்தாலே தெரியுதே” என்றான்.

பம்ப்புக்கு இரண்டு நாள் காத்திருந்தோம். மூன்றாம் நாள் மத்தியானம் கரண்ட் போனது, ஃபேன் நின்ற நொடியே மூலையில் குர்ரென்று சத்தம், பம்ப் குழாயின் முனைக் கல்லிலிருந்து குமிழி வரிசையாக ஏறியது. தம்பி கைதட்டினான். அம்மா அடுப்படியிலிருந்து சொம்போடு வந்தாள், குமிழியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

“இருக்கட்டும் கண்ணு” என்று சொல்லிவிட்டு ஒரு சொம்பு மொண்டு ஊற்றினாள்.