1972-லேயே நிற்கும் தேதி

அமெரிக்கக் குடியேற்றம் என்றாலே எல்லாரும் சுவரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. பல வருஷமாக ஆவணமில்லாமல் அங்கே வாழ்பவர் கிரீன் கார்டு கேட்க ‘ரெஜிஸ்ட்ரி’ என்றொரு பழைய சட்டப்பிரிவு உண்டு. குறிப்பிட்ட தேதிக்கு முன்பே வந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், முக்கியமாக இவ்வளவுதான். அந்தத் தேதியை நாடாளுமன்றம் அவ்வப்போது நகர்த்தி வந்தது. கடைசியாக நகர்த்தியது 1986இல், ரீகன் காலத்தில். வைத்த தேதி 1972 ஜனவரி 1. இன்றும் அதேதான்!

1973இல் கைக்குழந்தையாக வந்தவர் இப்போது பேரன் பேத்தி எடுத்திருப்பார். அவரைப் பிடித்து அனுப்ப ஆளும் பணமும் இருக்கிறது, ஒரு வரியைத் திருத்தத்தான் மனசில்லை. 2013இல் செனட் 68-32 என நிறைவேற்றிய குடியேற்றச் சீர்திருத்த மசோதாவைக் கீழவை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை.

எல்லைக் காவலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கமெண்டில் பாயும் முன் இந்த வரியையும் படித்துவிடுங்கள் சாமி.