இணைப்புகளில் நிற்கும் எஃகு

எஃகுக் கட்டமைப்பு ஒன்றைப் பார்க்க வருபவர்களின் கண்கள் முதலில் பெரிய தூண்களையும் நீண்ட உத்தரங்களையும் நோக்கியே செல்கின்றன. பட்டறையிலும் கட்டுமானத் தளத்திலும் ஆய்வுப் பொறியாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு, அவை மிகக் குறைவாகவே கவலை தரும் பொருள்கள். உருட்டாலையிலிருந்து வரும் ஐ-பீமின் (I எழுத்து வடிவ உத்தரம்) வேதிச் சேர்க்கையும் இழுவிசைத் திறனும் சோதிக்கப்பட்டு, சான்றிதழோடு வந்து சேர்கின்றன. கன மீட்டருக்கு 7,850 கிலோ எடை, விறைப்பைக் காட்டும் ஏறத்தாழ 2,00,000 மெகாபாஸ்கல் மீள்தன்மைக் குணகம் என்னும் அதன் அடிப்படை இயல்புகள் எந்த ஆலையில் உருட்டினாலும் மாறுவதில்லை. அந்த உத்தரம் தூணைச் சந்திக்கும் இடம் அப்படிப்பட்டதல்ல. அதை ஒருவர் வரைகிறார், மற்றொருவர் துளையிடுகிறார், வேறொருவர் வெல்டிங் செய்கிறார், உயரத்தில் நின்று இன்னொருவர் போல்ட்டுகளை முடுக்குகிறார். கட்டமைப்பின் மொத்த எடையில் சிறு பங்கே உள்ள இந்தத் தகடுகளிலும் போல்ட்டுகளிலும் வெல்டுகளிலும்தான் என் கவனத்தின் பெரும்பகுதி செலவாகியிருக்கிறது.

எஃகு கட்டடத்துக்குள் வந்ததே சுவர்களைச் சுமையிலிருந்து விடுவிப்பதற்காகத்தான். சிகாகோவில் 1885-இல் முடிந்த ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்தில், இரும்பும் எஃகும் கலந்த சட்டகம் சுமையின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. பத்து மாடி உயரத்துக்குத் தடித்த கல்சுவர் எழுப்பும் தேவை அதனால் குறைந்தது. தொழிற்சாலைகளில் எஃகின் பங்கு இன்னும் நேரடியானது. நடுவே தூணே இல்லாத அகன்ற கூடங்கள், மேலே ஓடும் கிரேன்கள், குழாய்களைச் சுமந்து செல்லும் நீண்ட தாங்கிகள் ஆகியவை எஃகின்றி நடைமுறைக்கு வந்திருக்காது. பெரிய அனல் மின்நிலையங்களின் கொதிகலன்கள் தரையில் உட்கார்ந்திருப்பவை அல்ல. உச்சியிலுள்ள எஃகு கர்டர்கள் என்னும் பெரிய உத்தரங்களிலிருந்து தொங்குபவை. சூடாகும்போது அவை கீழ்நோக்கி விரிய இடம் வேண்டும் என்பதே காரணம். ஆயிரக்கணக்கான டன் எடை மேலே ஏறி, பிறகு தூண்கள் வழியாகத் தரைக்கு இறங்கி வருகிறது. அந்தப் பாதையில் ஒவ்வொரு திருப்பமும் ஓர் இணைப்பு.

இந்தத் துறையில் புதிதாகச் சேரும் பொறியாளர்களுக்கு நான் முதலில் விளக்குவது 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில், ஹயாட் ரீஜென்சி ஓட்டலில் நடந்ததைத்தான். கூரையிலிருந்து எஃகுக் கம்பிகளால் தொங்கவிடப்பட்ட இரண்டு நடைபாலங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, கூட்டம் நிறைந்திருந்த தரைத்தளத்தின் மீது விழுந்தன. 114 பேர் உயிரிழந்தனர். முதல் வரைபடத்தின்படி ஒரே நீளக் கம்பி மேற்பாலத்தை ஊடுருவிக் கீழ்ப்பாலம் வரை செல்ல வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு பாலமும் தன் எடையை மட்டும் கம்பியிடம் ஒப்படைக்கும். பட்டறையின் வசதிக்காகக் கம்பி இரண்டாக்கப்பட்டது: ஒன்று கூரையிலிருந்து மேற்பாலத்துக்கு, மற்றொன்று மேற்பாலத்திலிருந்து கீழ்ப்பாலத்துக்கு. கம்பிகள் சுமந்த எடை கூடவில்லை, பாலங்களின் எடையும் மாறவில்லை. ஆனால் மேற்பாலத்தின் குறுக்கு உத்தரத்துக்கு அடியிலிருந்த நட்டு, இப்போது இரு பாலங்களின் சுமையையும் ஏற்க நேர்ந்தது. அந்த உத்தரம் இரண்டு சேனல்களை (C வடிவ எஃகுத் துண்டுகள்) முகத்தோடு முகம் வைத்து வெல்டிங் செய்த பெட்டி. கம்பிக்கான துளை அந்த வெல்டின் ஊடாகவே போடப்பட்டிருந்தது. நட்டு பெட்டியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. வரைபடத்தில் அந்த மாற்றம் சில கோடுகள்தான். அதைப் பார்த்தவர்கள், சுமை இப்போது எந்த வழியாகச் செல்கிறது என்ற ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால் போதும்.

அதனால்தான், இணைப்புகளை வடிவமைக்கும் பொறுப்பைக் கடைசி நேரத்தில் வேறொருவரிடம் தள்ளிவிடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. தூண், உத்தர அளவுகளைக் கணினி மிக விரைவாகத் தந்துவிடுகிறது. இணைப்பு அந்த வேகத்தில் யோசிக்கப்படுவதில்லை. சுமையைக் கணக்கிட்டவரே, அது தகட்டிலிருந்து போல்ட்டுக்கும் போல்ட்டிலிருந்து அடுத்த தகட்டுக்கும் எப்படிப் போகிறது என்பதையும் கையால் ஒருமுறை வரைந்து பார்க்க வேண்டும் என்றே நான் வலியுறுத்துகிறேன்.

போல்ட்டுகளைப் பற்றியும் தளங்களில் ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. போல்ட் என்பது துளைக்குள் நின்று, தகடுகளைப் பக்கவாட்டில் நழுவச் செய்யும் வெட்டு விசையைத் தடுக்கும் ஓர் ஆணி என்றே பலர் நினைக்கிறார்கள். சாதாரண இணைப்புகளில் அது உண்மை. அதிர்வும் திசை மாறும் சுமையும் உள்ள இடங்களிலோ, போல்ட்டின் வேலை தகடுகளை ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிப்பது. விசையைத் தாங்குவது தகடுகளுக்கிடையே உள்ள உராய்வு. 10.9 என்னும் உயர்வலிமைத் தரத்தில் 20 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை முழுமையாக முடுக்கினால் ஏறத்தாழ 17 டன் இழுவிசை அதற்குள் குடிகொள்கிறது. அந்தப் பிடிப்பைக் கெடுக்க, தொடும் பரப்புகளில் தவறுதலாக அடித்த வழுக்கும் பெயிண்ட் ஒரு பூச்சே போதும். இணைப்பு முகங்களைப் பட்டறையில் மறைத்துவிட்டுப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான். மூடிய பிறகு அதை எவராலும் பார்க்க முடியாது.

வெல்டிங்கைப் பொறுத்தவரை, 1994 ஜனவரி 17-இல் கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் பகுதியை உலுக்கிய நிலநடுக்கம் எங்கள் துறையின் நம்பிக்கை ஒன்றைத் தகர்த்தது. உத்தரத்தைத் தூணோடு வெல்டிங் செய்த சட்டகங்கள் வளைந்து கொடுக்கும், உடையாது என்று கருதப்பட்டிருந்தது. பிறகு சுவர்ப்பூச்சை அகற்றிப் பார்த்தபோது, பல கட்டடங்களில் அந்த இணைப்புகள் சிறிதும் வளையாமலேயே விரிசல் விட்டிருந்தன. வெல்ட் உலோகத்தின் முறிவெதிர்ப்பு போதாமல் இருந்ததும், உருகிய உலோகம் வழியாமலிருக்க வெல்டின் அடியில் வைத்த பேக்கிங் பட்டையை அகற்றாமல் விட்டதால் அங்கே நிலைத்துவிட்ட நுண்ணிய இடைவெளியும் காரணங்களாகக் கண்டறியப்பட்டன. அதன் பின்னர் பரவலான தீர்வுகளுள் ஒன்று என்னை இன்றும் வியக்க வைக்கிறது. தூணிலிருந்து சற்றுத் தள்ளி, உத்தரத்தின் மேல், கீழ் ஃபிளேஞ்சுகளின் (I வடிவத்தின் கிடைத் தகடுகள்) ஓரங்களை வளைவாக வெட்டி வேண்டுமென்றே குறுக்கிவிடுகிறார்கள். வளைவு அந்த மெலிந்த இடத்திலேயே நிகழ்கிறது, வெல்ட் தப்பிக்கிறது. எஃகைக் கூட்டாமல், குறைத்துப் பெறும் பாதுகாப்பு அது.

தீயும் துருவும் எல்லோரும் அறிந்த எதிரிகள் என்பதால் அவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 550 முதல் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எஃகு தன் வலிமையில் பாதியளவை இழந்துவிடும். உருகுநிலை அதற்கு வெகு தொலைவில் இருக்கிறது என்பதில் ஆறுதல் எதுவும் இல்லை. துரு, நீர் தேங்கும் தூணடியில்தான் முதலில் வேலையைத் தொடங்குகிறது.

அவற்றைவிட எனக்கு அதிகக் கவலை தருவது, கட்டி ஒப்படைத்த பிறகு தொழிற்சாலைக்குள்ளேயே நடக்கும் சிறு மாற்றங்கள். கிரேன் ஓடும் கர்டரின் கீழ் ஃபிளேஞ்சு ஒவ்வொரு ஓட்டத்திலும் இழுபட்டுத் தளர்கிறது. அது லட்சக்கணக்கான சுழற்சிகளுக்குக் கணக்கிடப்பட்டது. அதில் ஒரு கேபிள் தட்டைத் தாங்குவதற்காக யாரோ ஒரு சிறு கிளிப்பை வெல்டிங் செய்துவிட்டால், சுமை மீண்டும் மீண்டும் ஏறி இறங்குவதால் வரும் களைப்பு விரிசல் அந்த வெல்டின் ஓரத்திலிருந்தே புறப்படும். கிளிப்பின் எடை ஒரு கிலோகூட இருக்காது. கேடு எடையால் வருவதல்ல. அவ்வாறே, தூண்களுக்கிடையே சாய்வாகச் செல்லும் பிரேசிங் என்னும் தாங்குகம்பி, ஃபோர்க்லிஃப்ட் செல்லும் வழிக்கு இடைஞ்சல் என்று அறுக்கப்படுவதைப் பல ஆலைகளில் கண்டிருக்கிறேன். அறுத்த நாளில் ஒன்றும் நடப்பதில்லை, கட்டடம் அசையாமல் நிற்கிறது. காற்றின் விசையைத் தரைக்குக் கொண்டுசெல்லும் வழிதான் அங்கே அறுந்துபோகிறது. உண்மையிலேயே வழி தேவைப்படும் இடங்களில் அதற்குத் தக்க மாற்று உண்டு: அந்தத் தூண்களுக்கிடையே கனமான உத்தரமும் விறைப்பான மூலை இணைப்புகளும் கொண்ட போர்ட்டல் சட்டகத்தை முதலில் பொருத்தி, அதன் போல்ட்டுகளை முழுமையாக முடுக்கிச் சரிபார்த்த பிறகே, பழைய பிரேசிங்கைக் கழற்ற வேண்டும்.